சலவை முடியும் வரை

கண்ணாடிக் கதவை அழுத்திச் சாத்தியதும் இயந்திரத்தின் நெற்றியில் நாற்பத்தெட்டு என்ற எண் சிவப்பாக எரிந்தது. நாற்பத்தெட்டு நிமிடம். அதுவரை எங்கும் போக வேண்டாம், எதையும் பார்த்து வியக்க வேண்டாம், யாரையும் நிறுத்தி வழி கேட்க வேண்டாம் என்பதே குழல்வாய்மொழிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்டினாள். உள்ளே தண்ணீர் விழுந்தது. துணிகள் ஒருமுறை புரண்டு, கொஞ்சம் யோசித்து, மறுபக்கம் புரண்டன. நீல நைட்டியின் கை ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டியது. யாரோ உள்ளேயிருந்து கையாட்டுவது போல இருந்தது, பிறகு அதுவும் நுரைக்குள் போய்விட்டது. நாற்பத்தாறு வயதில், இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, உலகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பியவள், கிளம்பிய ஆறாம் நாள் ஜார்ஜியா நாட்டுத் திபிலீசி நகரத்தில் ஒரு சலவைக் கடைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள். ஆமாம், ஒளிந்துகொண்டுதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. வெளியே ஒரு கோட்டை இருக்கிறது. கந்தக வாடை அடிக்கும் வெந்நீர்க் குளியலறைகள் இருக்கின்றன. ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள், ஒரு வருடத்துக்கான ஊர்கள், நாடுகள், கடல்கள். அந்த நோட்டு விடுதி அறையில் தலையணைக்கு அடியில் கிடந்தது, நேற்று அதைத் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை. மடியில் இருந்தது போன் மட்டும். மில்லில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்த நாச்சிமுத்து காலையில் கோயம்புத்தூரிலிருந்து செய்தி அனுப்பியிருந்தார். "குழலிங்க, உங்க எடத்துல இன்னும் ஆள் போடலீங்க. திரும்பி வர்றதா இருந்தா இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள சொல்லிப்போடுங்க. அப்புறம் என் கையில இல்லீங்க." அதைப் படித்ததும் முதலில் பொங்கியது சந்தோஷம். பல் துலக்கிக்கொண்டே கண்ணாடியில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாள், பயந்துபோனாள், அழுக்குத் துணியை எல்லாம் பையில் திணித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

நாற்பத்து மூன்று. தண்ணீர் வெதுவெதுப்பாகிறது போலும், கண்ணாடி ஓரத்தில் ஆவி கட்டியது. மில்லில் அவளுடைய அறைக்கு ஆவி தெரியாது, வியர்வை தெரியாது. அந்த அறை என்று நினைக்கும்போதே உடம்பு அதற்குள் போய் நின்றது. நூல் மில்லின் பரிசோதனை அறை, இரட்டைக் கதவு, வெளிக்கதவு சாத்தினால்தான் உள்கதவு திறக்கும். வருடம் முழுக்க இருபத்தேழு டிகிரி, காற்றில் ஈரம் நூற்றுக்கு அறுபத்தைந்து, ஒரு புள்ளி கூடக் கூடாது, குறையக் கூடாது, கூடினால் நூலின் பலம் மாறிவிடும். சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் உருகும்போதும் அங்கே இருபத்தேழு. ஐப்பசியில் சிங்காநல்லூர்க் குளம் நிறைந்து தெருவுக்கு வரும்போதும் இருபத்தேழு. இருபத்திரண்டு வருடம் பருவமே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, நூலின் இரண்டு நுனியையும் கவ்வக் கொடுத்து, இயந்திரம் அதை இழுத்து இழுத்து அறுக்கும் கணத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். டப். அறுந்தது. டப். அறுந்தது. வெறுக்கக்கூடிய வேலை ஒன்றுமில்லை, யாரும் அவளைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை, அதுதான் சங்கடம். பின்னே ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டபோது சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது சொல்லும்படி இல்லை. போன மார்கழியில் ஒருநாள் மில் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். முகத்தில் இளவெயில் பட்டு விழித்தபோது, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எதை என்று நினைவில்லை. ஏதோ சிரிப்பான விஷயம். நெஞ்சு அப்படிப் பளிச்சென்று இருந்தது, இருபத்தைந்து வயதுக்காரியின் நெஞ்சு. ஹோப் காலேஜ் பாலம் ஏறும்போதுதான் அம்மா இறந்து பதினோரு வருடம் ஆயிற்று என்பது நினைவுக்கு வந்தது. துக்கம் வரவில்லை, தலை சுற்றியது. நடுவில் இருந்த வருடங்கள் எங்கே? தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு வருடத்துக்கும் இன்னொரு வருடத்துக்கும் அடையாளம் தெரியவில்லை, எல்லாம் இருபத்தேழு டிகிரியில் இருந்தன. அன்றைக்கு மத்தியானமே முடிவு செய்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு குளிர் என்ற சொல்லைக் கேட்டாலே காது நிமிர்ந்தது. இந்த ஊரை முதலில் தேர்ந்தெடுத்ததற்கும் வேறு காரணம் இல்லை. விசா கிடைத்தது, குளிரும் என்றார்கள். நாச்சிமுத்துவிடம் கடிதத்தை நீட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தார். "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?" "அதெல்லாம் இல்ல சார். ஊர் சுத்திப் பாக்கப் போறேன்." "காசி, ராமேஸ்வரமுங்களா?" "இல்ல சார். உலகம்." அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பஞ்சு மூட்டை இறக்கும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கூட யாரு வர்றாங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றதும், தப்பாக ஏதோ கேட்டுவிட்டவர் போலக் கடிதத்தில் வேகமாகக் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தாறு. கதவுமணி கிணுங்கி, கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி உள்ளே வந்தாள். ஐம்பது வயது இருக்கும், சட்டையின் நெஞ்சில் லமாரா என்று ஆங்கில எழுத்தில் தைத்திருந்தது. கை நிறைய ஆரஞ்சு நிறத்தில் தக்காளி போலப் பளபளக்கும் பழங்கள். வாசலில் ஒரு கிழவர் கூடையில் வைத்து விற்பவை. ஒன்றை அவளிடம் நீட்டி ஏதோ சொன்னாள், பிறகு புருவத்தை உயர்த்தி, "இந்தோயெத்தி?" என்றாள். இந்தியாவாக இருக்க வேண்டும். குழல்வாய்மொழி தலையை ஆட்டினாள். லமாரா ஒற்றை விரலை நிமிர்த்தி, "மார்த்தோ?" என்றாள். விரலைப் பார்த்தால் அர்த்தம் தெரிந்தது. அதற்கும் தலையை ஆட்டினாள். லமாரா அந்த விரலைக் கொஞ்ச நேரம் கீழே இறக்காமலே நின்றாள், அப்புறம் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் போய்த் தூசி வலையைத் தட்டத் தொடங்கினாள். பழம் கையில் சில்லென்று கனத்தது. மார்த்தோ. ஏதோ ஒரு சின்னப் பறவையின் பெயர் மாதிரி இருக்கிறது. தனி என்பதை இவ்வளவு அழகாகச் சொல்லலாமா? ஊரில் அந்தச் சொல்லுக்குக் கூடவே ஒரு 'ஐயோ' ஒட்டிக்கொண்டு வரும். இங்கே வந்த மூன்றாம் நாள் மத்தியானம் காய்ச்சல் வந்தது, போர்வைக்குள் கிடந்தபோது அந்த ஐயோ தேடிக்கொண்டு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் இலைகள் ஒன்றொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன, அவசரமே இல்லாமல். கண்ணை மூடினால் இலைகள் அறைக்குள் இறங்கின, கட்டிலின்மேல், அவள்மேல். இப்படியே போய்விட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். விடுதிக்காரப் பையன் சனிக்கிழமைதான் அறை கூட்ட வருவான். பாஸ்போர்ட்டில் அவள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, முடியாமல் பாதியில் விட்டுவிட்டு, யாருக்குச் சொல்வார்கள்? கூடப் பிறந்த செண்பகம் அக்காவுக்கு. அவசரத்துக்கு என்று விடுதிப் படிவத்தில் அவள் நம்பரைத்தான் எழுதியிருக்கிறது. அக்காவின் போன் அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் கவுண்டரில் அடிக்கும். அக்கா எடுப்பாள். அக்கா எப்போதும் எடுப்பாள். அங்கேதான் நினைப்பு போய் இடித்துக்கொண்டு நின்றது, எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும் அங்கேயே.

இருபத்தெட்டு. இயந்திரம் தண்ணீரை இறக்கியது, ஒரு பெருமூச்சுப் போல. பரிசோதனை அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது மில் விதி. வாசலில் இரும்பு லாக்கர்கள், அவளுடையது நாற்பத்தொன்று. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அதைத் திறந்தபோது போனில் பதினேழு தவறிய அழைப்புகள், எல்லாம் அக்கா, எல்லாம் ஒன்றேகாலுக்கும் இரண்டுக்கும் நடுவே. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் போய் நின்றபோது அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, கிடத்தியிருந்தார்கள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான். அத்தான் போன பிறகு அக்காவும், அம்மாவும், அவளுமாக இருந்த வீட்டில் அன்றிலிருந்து இரண்டு பேர். பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒரே ரசத்தைச் சாப்பிட்டார்கள், ஒரே டிவியைப் பார்த்தார்கள், குற்றாலத்துக்குக்கூட ஒருதடவை போய் அருவியில் நின்றுவிட்டு வந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேலையை விட்டதைச் சொன்னபோது அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்கி முடித்தாள், அரிவாள்மணையைக் கழுவி வைத்தாள். ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், "போ. ஒன்ன யாரும் புடிச்சு வைக்கல. ஆனா எங்கிட்ட சொல்லிட்டுப் போவாத. நான் இல்லாத நேரத்துல போயிரு" என்றாள். அதன்படியே அக்கா தபால் ஆபீசுக்குப் போன பிறகு ஆட்டோ கூப்பிட்டாள். பூட்டிய கதவின் முன்னால் பெட்டியோடு நின்றபோது, வீடு அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஆறு நாளாக அக்கா கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள், குளிக்கும்போதுகூடச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், ஆனால் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று நாச்சிமுத்துவுக்கு நாலு எழுத்து அனுப்பினால் போதும். திங்கட்கிழமை மில் பஸ், ஜன்னலோரம், இரட்டைக் கதவு. கண்ணாடிக்குள் துணிகள் மெல்லப் புரண்டன. பார்த்துக்கொண்டே இருந்ததில் தானும் உள்ளே இருப்பது போல, வெதுவெதுப்பான நுரையில் யாரோ தன்னை இப்பக்கமும் அப்பக்கமும் புரட்டுவது போல, எல்லாம் இப்படியே இருந்துவிட்டால் தேவலை போல, இமை கனத்தது. மடியில் போன் அதிர்ந்தது. செண்பகம் அக்கா.

எடுத்துவிட்டாள், யோசிக்கவில்லை. "அக்கா." அந்தப் பக்கம் ரப்பர் முத்திரை குத்தும் சத்தம் தூரத்தில் கேட்டது, அக்காவின் மூச்சும் கேட்டது. "சாப்பிட்டியா?" என்றாள் அக்கா. "இங்க இன்னும் பதினொன்னேகால்தான் ஆவுது. ஒனக்குச் சாப்பாட்டு நேரமா?" "ஆமா." மறுபடி மூச்சு. "நாச்சிமுத்து சார் ஒனக்கு ஏதும் சொன்னாரா?" குழல்வாய்மொழி நாற்காலியில் நிமிர்ந்தாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?" "நாந்தான் போனேன். செவ்வாக்கெழம லீவு போட்டுட்டு மில்லுக்குப் போனேன். செக்யூரிட்டி ரூம்புல ரெண்டு மணி நேரம் ஒக்கார வச்சுட்டாங்க. தங்கச்சிக்கு எடத்த வச்சிருங்க சார், அவ வீம்புக்காரி, அங்க போயி முழிச்சுட்டு நின்னாலும் வெளிய சொல்ல மாட்டான்னு கேட்டேன்." கோபம் தலைக்கேறியது. "ஒன்ன யாரு கேக்கச் சொன்னா? எனக்காவ நீ போயி அவர்ட்ட நின்னியா?" லமாரா திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டாள். "நின்னேன்" என்றாள் அக்கா, குரல் ஏறாமல். "அன்னைக்குப் பதினேழு தடவ அடிச்சேம்ட்டி." கடை, இயந்திரம், ஆவி எல்லாம் அப்படியே நின்றன. "லாக்கர்ல இருந்துச்சுக்கா." "தெரியும். எனக்குத் தெரியாதா? ஒம்மேல கோவம் ஒன்னும் இல்ல. ஒரு கைல அம்ம கையப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அடிச்சுக்கிட்டே இருந்தேன். மணி போவுது, போவுது, யாரும் எடுக்கல. அந்தச் சத்தம் இன்னும் எங் காத வுட்டுப் போவல பாத்துக்க." குழல்வாய்மொழி பதினோரு வருடமாகத் தன் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், லாக்கர், எண், நாலரை மணி. அந்த மணிச் சத்தம் அக்காவுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது அவளுக்குத் தெரியாது. "அதுக்குத்தான் ஆறு நாளா நீ அடிக்கலையா?" என்றாள். "அடிச்சு நீ எடுக்கலன்னா நான் என்னட்டி செய்வேன்? அவ்வளவு தூரத்துல?" "இப்ப எடுத்துட்டேம்லா." அக்கா மூக்கை உறிஞ்சினாள், "எடுத்துட்டா" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. அந்தப் பக்கம் யாரோ ரிஜிஸ்டர் தபால் எங்கே என்று கேட்டார்கள். "ரெண்டு மணிக்கு மேல வாங்க, சாப்பாட்டு நேரம்" என்று அக்கா கவுண்டர்க் குரலில் அதட்டினாள். குழல்வாய்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வரணும்ங்கியா?" என்று கேட்டாள். "வான்னு சொன்னா வந்துருவியா?" வந்துவிடுவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அக்கா அழும்போது வேறென்ன சொல்வது? சொல்லின் முதல் எழுத்து நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. "வர மாட்டேங்க்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. காலையில் பொங்கிய அந்தச் சந்தோஷம் எங்கே என்று தேடினால் இல்லை, அது இருந்த இடம் கழுவி விட்டாற்போலக் கிடந்தது. "அப்ப என்னத்துக்குக் கேக்க?" என்றாள் அக்கா. பிறகு, "ஸ்வெட்டர் போட்டுருக்கியா?" "போட்டுருக்கேன்." "நாளைக்கு எங்க இருப்ப?" நோட்டில் எழுதிய ஊர் வாயில் தானாக வந்தது. "கஸ்பேகின்னு ஒரு ஊரு. வடக்க, மலை மேல. பனி இருக்குமாம்." "மார்கழிப் பனி மாரியா?" "அதில்லக்கா. வெள்ளையா, தரையில கெடக்கும்." அக்கா அதை யோசித்துப் பார்ப்பது தெரிந்தது. "போறதுன்னா சொல்லிட்டுப் போ." "நாளைக்குக் கெளம்பும்போது சொல்லுதேன்." "இப்பமே சொல்லு. இங்கன யாரும் இல்ல." குழல்வாய்மொழி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாரேங்க்கா" என்றாள். "ம்" என்றாள் அக்கா. சாப்பாட்டு டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு போன் அமைதியாயிற்று.

நாச்சிமுத்துவுக்கு எழுத வெகுநேரம் ஆகவில்லை. "சார், நான் வரவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள். அக்கா சொன்னதைக் கேட்டதற்கு நன்றி." உடனே பதில் வந்தது. "சரிங்க. சூதானமா இருங்க." இவ்வளவுதானா என்று இருந்தது. இருபத்திரண்டு வருடம் இவ்வளவு லேசாக அறுந்துவிடுமா? பயம் போய்விடவில்லை. அது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது, நாளைக்கு மலைக்குப் போகும் வேனிலும் பக்கத்தில் உட்காரும். நாளைக்குக் காய்ச்சல் வரலாம், பனியில் கால் வழுக்கலாம், அக்காவுக்கு ஏதாவது ஒன்று என்றால் பறந்து போய்ச் சேர ஒருநாள் ஆகும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் பொய்யில்லை. எல்லாம் நடக்கக்கூடியவைதான். இயந்திரம் வேகம் பிடித்துச் சுழன்று, அதிர்ந்து, மூன்று முறை கீச்சிட்டு நின்றது. எண்ணைப் பார்க்கவே மறந்துவிட்டிருந்தாள். எழுந்து போவதற்குள் லமாரா கதவைத் திறந்து துணிகளை உலர்த்தும் இயந்திரத்துக்கு மாற்ற ஆரம்பித்திருந்தாள். போனில் கத்தியதும் அழுததும் அவளுக்குத் தெரியும், ஆனாலும் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காமல் வேலையிலேயே இருந்தாள். துணிகள் சூடாக வெளியே வந்தபோது சுங்குடிப் புடவை ஒன்று நைட்டியையும் டவலையும் சுற்றிக்கொண்டு கயிறு போல முறுக்கிக் கிடந்தது. லமாரா அதன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. லமாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் இருக்கிறதா என்று கண்ணால் கேட்டாள். இருக்கிறது என்று குழல்வாய்மொழி மறுநுனியைப் பிடித்துக் காட்டினாள். இருவரும் பின்னாலேயே நடந்தார்கள், இவள் உள்சுவர் வரைக்கும், அவள் வாசல் வரைக்கும். லமாராவின் முதுகு பட்டுக் கதவு திறந்துகொண்டது. தெருவின் குளிர் உள்ளே புகுந்து புடவையின் அடியில் நுழைந்து அதைத் தூக்கியது. கருஞ்சிவப்பும் வெள்ளைப் புள்ளிகளுமாக அது கடை நீளத்துக்கும் ஒரு கணம் மிதந்தது. நடைபாதையில் போன ஒரு தாடிக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு நுனிகளைச் சேர்த்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள், சேர்ந்தார்கள், விலகினார்கள், மறுபடி வந்தார்கள். கடைசி மடிப்பைக் கொடுக்கும்போது லமாராவின் விரல்கள் அவள் விரல்கள்மேல் பட்டன, சலவைத் தூளால் வெடித்த, சூடான விரல்கள். வெளியே வந்ததும் பசித்தது. அப்படி ஒரு பசி ஆறு நாளில் வந்ததில்லை. நாலு படி கீழே இறங்கும் ரொட்டிக்கடையில் தோணி மாதிரி நீண்ட ரொட்டிகளை அடுப்பின் உட்சுவரிலிருந்து கம்பியால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குனிந்து, "ஒண்ணு குடுங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள், வேறு பாஷை தேட அவகாசமில்லை. கடைக்காரர் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மடித்த துணிப்பை ஒரு தோளில் கனக்க, நடுத்தெருவில் நின்றுகொண்டே நுனியைப் பிய்த்து வாயில் போட்டாள். நாக்கு சுட்டது. ஊதி ஊதித் தின்றாள்.